மூன்று இடது கால்கள்

அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்தில் இரண்டே சொற்கள் இருந்தன. ஓட்டுபவரின் பழக்கம்.

அவள் இரண்டு முறை படித்தாள்.

"எந்த ஓட்டுபவர்?"

சர்வீஸ் சென்டர் கவுன்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்தாள். "கடைசியா ஓட்டினது நீங்கதானே மேடம்?"

"ஆமா. மேம்பாலத்துல நின்னது என் கையிலதான்."

"அப்போ நீங்கதான்."

கார் வாங்கி எட்டு மாதம். ஒன்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. பின் இருக்கையின் பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை. செவ்வாய்க்கிழமை நண்பகல், இரண்டாவது நோயாளி வீட்டிலிருந்து மூன்றாவது நோயாளி வீட்டுக்குப் போகும் வழியில், மேம்பாலத்தின் ஏற்றத்தில் இன்ஜின் மட்டும் அலறியது. கார் நகரவில்லை. கருகிய வாசனை வந்தது. பின்னால் ஹாரன்கள். தாண்டிப்போன பஸ் டிரைவர் அவளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் பிசியோதெரபிஸ்ட். வீடு வீடாகப் போய் சிகிச்சை தருபவள். ஒரு நாளைக்கு ஏழு வீடு. மடக்கு மேஜை, ரப்பர் பட்டைகள், ஐஸ் பைகள் எல்லாம் டிக்கியில்தான் குடியிருந்தன.

"கழட்டின கிளட்ச் பிளேட்டைப் பார்க்கலாமா?"

அந்தப் பெண் பேனாவால் பின்பக்கம் காட்டினாள். "மெதுவாகிட்ட கேளுங்க."

மெதுவா என்பது மெக்கானிக்கின் பட்டப்பெயர். எதற்கும் அந்தச் சொல்லைத்தான் முதலில் சொல்வார். நிஜப்பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

'வாடிக்கையாளர்கள் உள்ளே வரக்கூடாது' என்ற பலகைக்கு முன்னால் அவள் நின்றாள்.

"அது சும்மா தொங்குது. மெதுவா வாங்க மேடம், தரையெல்லாம் ஆயில்."

பிளேட் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தது. மெக்கானிக் அதைத் துணியால் துடைத்து அவள் கையில் கொடுத்தார்.

"இன்ஜின் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம். நடுவுல இது. பெடலை விட்டா ரெண்டும் ஒட்டிக்கும். முழுசா அமுக்கினா பிரிஞ்சிடும். லேசா அமுக்கினா ஒட்டவும் ஒட்டாது, பிரியவும் பிரியாது. உரசிக்கிட்டே இருக்கும்."

"நான் அப்படியா ஓட்டறேன்?"

அவர் அலமாரியிலிருந்து இன்னொரு பழைய பிளேட்டை எடுத்தார். அதில் நீலமும் கறுப்புமாகத் திட்டுகள். ஓரத்தில் வெடிப்பு.

"இது புதுசா பழகினவங்க வேலை. மேட்டுல பிரேக் போடாம கிளட்ச்லேயே வண்டியைப் பிடிச்சு நிறுத்துவாங்க. கருகிடும். இப்போ உங்களுதைத் தடவிப் பாருங்க."

தடவினாள். வழவழவென்று இருந்தது. மேடு பள்ளம் இல்லை. சுற்றிலும் ஒரே மாதிரி ஆணித்தலை மட்டத்துக்குத் தேய்ந்திருந்தது.

"வாசனை வந்ததே?"

"அது கடைசி நாள் கதை. தேய்ஞ்சு முடிஞ்சப்புறம் மேம்பாலத்துல கொஞ்சம் கருகியிருக்கு, அவ்வளவுதான். முன்னாடி எட்டு மாசக் கதை வேற." பிளேட்டை வெளிச்சத்தில் சாய்த்தார். "இது தெரியாதவங்க பண்ணினது இல்ல மேடம். ரொம்பப் பழகின கால். ஒரே அழுத்தம். ஆடாம அசையாம மாசக்கணக்கா. நானே முயற்சி பண்ணினாலும் எனக்கு வராது."

"இதை ரிப்போர்ட்ல எழுதலாமே."

"கட்டம் சின்னது. ரெண்டு வார்த்தைக்கு மேல கொள்ளாது."

அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

"வீட்டுல எத்தனை பேர் ஓட்டறீங்க?"

"மூணு பேர்."

"மூணு இடது கால். எதுன்னு தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க. இல்லேன்னா மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருக்கும்."

*

வீட்டில் அது யாருடைய மண்டையையும் குடையவில்லை. தீர்ப்பு தயாராக இருந்தது.

"நான் உன்னைக் குத்தம் சொல்லல," என்றான் கணவன். அப்படி ஆரம்பித்தால் அடுத்து வருவது என்ன என்று அவளுக்குப் பன்னிரண்டு வருடப் பழக்கம். "உனக்கு மூணாவது தடவைதான் லைசென்ஸ் கிடைச்சுது. அதுல தப்பில்ல. சில பேருக்கு வண்டி வராது. எனக்குப் பாட்டு வராது. நான் பாடறேனா?"

"குளிக்கும்போது பாடறீங்க."

"கதவைச் சாத்திக்கிட்டுத்தானே பாடறேன்."

மாமனார் செய்தித்தாளை மடித்து வைத்தார். நான்கு வருடம் முன்பு ஓய்வு பெற்ற ரயில் டிரைவர். முப்பத்து நான்கு வருடம் ஓட்டினார். பணிப் பதிவேட்டில் ஒரு சிவப்பு மை கிடையாது. ஓய்வுக்குப் பிறகு கார் லைசென்ஸ் எடுத்தார். ஒரே தடவையில்.

"ஏம்மா கவலைப்படறே? நான் சும்மாதானே இருக்கேன்? காலையில எப்பவும் போல இவனை ஆபீஸ்ல விட்டுட்டு வந்து, உன்னை ஏழு வீட்டுக்கும் கூட்டிட்டுப் போறேன். நேரம் தவறாது."

நேரம் தவறாது என்பது உண்மை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. மாமனார் வாசலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, உள்ளே அவள் ஒருவரின் தோளைத் தூக்க வேண்டும். பக்கவாதம் வந்தவரின் தோள் ரயில் அட்டவணைப்படி உயராது. ஆறாவது வீட்டுக்கும் ஏழாவது வீட்டுக்கும் நடுவே மரநிழலில் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பத்து நிமிடம் அவள் யாருக்கும் எதுவுமாக இல்லாமல் உட்கார்ந்திருப்பாள். அதுவும் போய்விடும்.

"ஒரு வாரம் எடுத்துக்க," என்றான் கணவன். "உன் பேஷன்ட்கிட்டயெல்லாம் புது டைம் சொல்லிடு. அடுத்த ஞாயித்துக்கிழமை சாவியை அப்பாகிட்ட குடுத்துடு."

"என் கால் இல்லேன்னு தெரிஞ்சா?"

"வேற யார் காலு? என்னுதா? நான் ஞாயித்துக்கிழமை மட்டும்தான் ஓட்டறேன். அப்பாவுதா?" அவன் சிரித்தான். மாமனாரும் சிரித்தார். நல்ல மனிதர். மகனின் நகைச்சுவையை ஒருநாளும் வீணாக்க மாட்டார்.

அவள் சிரிக்காமல் இருந்தது யாருக்கும் தெரியவில்லை. ரொம்பப் பழகின கால் என்று மெக்கானிக் சொன்னதை அவள் இன்னும் வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

*

சனிக்கிழமை புது கிளட்சுடன் கார் வந்தது.

பெடலைத் தொடும் காலைப் பிடிக்க முடியாது, எல்லோரும் தொடுவார்கள். ஆனால் பெடலுக்கு இடது பக்கம், கால் சும்மா இருக்கும்போது வைத்துக்கொள்ள ஒரு சாய்வான மேடை இருந்தது. பெடலை விட்ட கால் போகவேண்டிய இடம் அது. அவள் பையில் எப்போதும் வெள்ளை டேப் இருக்கும், சுளுக்குக்கு ஒட்டுவது. ஒரு துண்டு வெட்டி அந்த மேடையில் ஒட்டினாள்.

ஞாயிறு கணவன் ஓட்டினான். ஏற்றத்தில் இழுத்தான், கியர் மாற்றும்போது குலுக்கினான், முன்னால் போனவனைத் திட்டினான். மாலையில் டேப்பில் அழுக்காக ஒரு முழு ஷூ அச்சு இருந்தது.

திங்கள் காலை ஏழு ஐம்பத்திரண்டுக்கு, டிக்கியில் ஏதோ தேடுகிறவள் போலப் போய்ப் புது டேப் ஒட்டினாள். மாமனார் எட்டு மணிக்குக் கிளம்பினார். ஒன்பது இருபதுக்குத் திரும்பினார். சாவியை ஆணியில் மாட்டினார்.

அவள் கீழே போய்க் கதவைத் திறந்து குனிந்தாள்.

டேப் ஒட்டியபடியே இருந்தது. வெள்ளையாக.

அதை உரித்து வைத்துக்கொண்டு, தனக்கு வேறொன்று ஒட்டி, அன்று அவள் ஏழு வீடு போய்வந்தாள். அவளுடைய டேப் மாலைக்குள் கறுத்துச் சுருண்டுவிட்டது. செவ்வாய் காலை மீண்டும் புதிது ஒட்டினாள். வெள்ளை. புதனும் வெள்ளை. நாற்பது நிமிடம் போக்கு, நாற்பது நிமிடம் வரத்து. ஒருமுறைகூட அந்தக் கால் அந்தப் பக்கம் போகவில்லை.

மூன்று வெள்ளைத் துண்டையும் ஒரு காகிதத்தில் ஒட்டித் தேதி போட்டாள். கணவன் முன்னால் இதை வைத்தால் போதும், சாவி அவளிடமே நிற்கும். இரவுச் சாப்பாட்டின்போது காகிதம் மடியில் இருந்தது. எதிரே மாமனார் இடது காலை நீட்டி முன்பக்கத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"இன்னும் இழுக்குதா மாமா?"

"நீ சொன்ன செருப்பு வாங்கினேன். குறைஞ்ச மாதிரி இருக்கு. அப்புறம் காலையில மறுபடியும்."

ஆறேழு மாதமாக அந்தக் காலுக்கு அவள்தான் வைத்தியம். நடைப்பயிற்சிதான் காரணம் என்று சொல்லிச் செருப்பு மாற்றச் சொன்னவளும் அவள்தான். முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசை நடப்பதால் அப்படி இறுகாது. பாதத்தைத் தூக்கி அந்தரத்தில் பிடித்துவைத்தால் இறுகும். எத்தனையோ பேர் காலில் கண்டுபிடித்திருக்கிறாள். தன் வீட்டுக் காலில் கோட்டைவிட்டாள்.

காகிதத்தை எடுக்கவில்லை. யார் என்று தெரிந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. இத்தனை ஒழுங்கான மனிதர் இதை ஏன் செய்கிறார்?

*

வியாழன் காலை அவளும் கிளம்பினாள். "என் முதல் பேஷன்ட் உங்க ஆபீஸ் பக்கம்தான்," என்று கணவனிடம் சொல்லிவிட்டு முன் இருக்கையில் ஏறினாள். அவன் பிளாஸ்டிக் உறை சரசரக்கப் பின்னால் உட்கார்ந்து போனை எடுத்தான்.

மாமனார் கண்ணாடிகளைச் சரிபார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து நேரம் குறித்தார். கிளம்பினார்.

முதல் சிக்னல் வந்தது.

"பச்சை," என்றார் சத்தமாக.

"பச்சை," என்றான் பின்னால் கணவன், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "என்னது இது?"

"ரயில்ல அப்படித்தான். டிரைவர் சொல்லணும், அசிஸ்டென்ட் திருப்பிச் சொல்லணும். சின்ன வயசுலேருந்து இவர் ஸ்கூட்டர்லகூட நான் அசிஸ்டென்ட்தான்."

"சொல்லாம விட்டா?"

"நிறுத்திடுவார். ஒரு தடவை பரீட்சைக்கு லேட்டாகப் போனேன்."

"அது உன் தப்பு," என்றார் மாமனார். "மஞ்சள்."

"மஞ்சள்."

அவள் கண் கீழே இருந்தது. மாமனாரின் இடது குதிகால் தரையில் ஊன்றியிருந்தது. பாதம் பெடலின் மேல். முழுவதும் அமுக்கவில்லை, முழுவதும் விடவும் இல்லை. கியர் மாற்றும்போது இறங்கியது. மாற்றி முடித்ததும் மேலே வந்து, பாதியில் நின்றது. நேர்ச்சாலையிலும் அங்கேயே நின்றது. பள்ளத்தில் கார் குலுங்கியபோது எல்லோரும் குலுங்கினார்கள். அந்தப் பாதம் குலுங்கவில்லை. நூல் பிடித்த மாதிரி இருந்தது. தொழில் தெரிந்தவள் என்ற முறையில் அவளுக்கு அதன் மேல் மரியாதையே வந்தது.

கணவன் அலுவலக வாசலில் இறங்கினான். "பேஷன்ட்கிட்ட எல்லாம் சொல்லிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

கார் மீண்டும் நகர்ந்தது.

"மாமா, இடது கால் இப்போ எங்கே இருக்கு?"

"எங்கே இருக்கு, கீழேதான் இருக்கு."

"கீழே எங்கே?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியலையேம்மா," என்றார்.

"அந்த மரத்துக்கிட்ட கொஞ்சம் நிறுத்துங்க. காலைப் பார்க்கணும்."

நிறுத்தினார். நேரத்தைக் குறித்துக்கொண்டார். அவள் இறங்கிச் சுற்றி வந்து, அவர் பக்கக் கதவைத் திறந்து குந்தி, பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். வலது கெண்டைக்கால், இடது கெண்டைக்கால். இடது ஒன்றரை சென்டிமீட்டர் பருமன்.

"ரயில்ல இடது காலுக்கு என்ன வேலை மாமா?"

கேட்டதுதான் தாமதம், அவர் முகம் மலர்ந்துவிட்டது. வீட்டில் யாரும் ரயிலைப் பற்றிக் கேட்பதில்லை. எல்லோரும் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டதாக ஒரு நினைப்பு.

"இடது காலுக்குத்தான் வேலையே. தரையில ஒரு பெடல் இருக்கும். நாங்க அதுக்கு வெச்ச பேரு 'முழிச்சிருக்கியா'. அதுல எப்பவும் கால் இருக்கணும். எடுத்தா பிரேக் புடிச்சு மொத்த ரயிலும் நின்னுடும். டிரைவர் தூங்கிட்டாலோ செத்துட்டாலோ வண்டி தானா ஓடக்கூடாது இல்ல?"

"அப்போ அமுக்கியே வெச்சிருப்பீங்களா?"

"அதான் இல்ல. முழுசா அமுக்கினாலும் நின்னுடும். மயங்கினவன் கால் கனமா உள்ளே போயிடும் பாரு. அதுக்காக. நடுவுல நிக்கணும். எடுக்கவும் கூடாது, அமுக்கவும் கூடாது. புது ஆளுங்க ரெண்டு மணி நேரத்துல அழுதுடுவாங்க. நான் முப்பத்தி நாலு வருஷம் ஒரு தடவை விட்டதில்ல. எப்படின்னு கேளு. குதிகாலை இப்படி ஊனிக்கணும். பாதத்தை இப்படி…"

காட்டினார். பெடல் அங்கேயே இருந்தது. குதிகால் ஊன்றியது. பாதம் பாதி இறங்கி நின்றது.

அவர் அதைப் பார்த்தார்.

அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்ஜின் அணைந்திருந்தது. ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது.

"அந்த பிளேட்டு எப்படித் தேஞ்சிருந்துது?" என்று கேட்டார்.

"சமமா மாமா."

"திட்டுத் திட்டா இல்ல?"

"இல்ல."

மாமனார் நோட்டைத் திறந்தார். நேரம் குறித்தார். வேறு எதுவும் எழுதாமல் மூடினார்.

*

அவள் கணவனிடம் எதுவும் சொல்லவில்லை. வெள்ளி போயிற்று. சனி போயிற்று. மாமனார் காரைத் தொடவில்லை. கால் வலி என்றார். கணவன் பஸ்ஸில் போனான். டேப் ஒட்டிய காகிதம் அவள் பையிலேயே கிடந்தது. ஞாயிறு வந்தால் அதை எடுப்பாளா மாட்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஞாயிறு காலை காபி மேஜையில் கோடு போட்ட தாள் ஒன்று இருந்தது. கணவன் எடுத்துப் படித்தான். பிறகு சத்தமாகப் படித்தான்.

"சம்பவ அறிக்கை. வாகனம்: குடும்பக் கார். சேதம்: கிளட்ச் பிளேட், முழுமையாக. ஓட்டியவர்கள் மூவர். விசாரணை: மருமகள் நடத்தினார். திங்கள் காலை ஏழு ஐம்பத்திரண்டுக்கு அவர் ஓட்டுநர் பகுதியில் வெள்ளை டேப் ஒட்டியதைக் கண்டேன். காரணம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். காரணம்…" அவன் நிறுத்தினான்.

"படி," என்றார் மாமனார்.

"காரணம்: என் இடது கால். அது ரயிலிலிருந்து இன்னும் இறங்கவில்லை. மருமகள் மீது எந்தக் குறையும் இல்லை." கீழே முழுக் கையெழுத்து, தேதி, நேரம்.

"அப்பா, இதெல்லாம் எதுக்கு எழுதிக்கிட்டு? வாயால சொன்னா போதாதா?"

"நீ அவளைக் குத்தம் சொன்னப்போ வாயால சொன்னே. நான் கூடச் சிரிச்சேன். எழுதாம விசாரணை முடியாது." அவர் எழுந்து ஆணியிலிருந்து சாவியை எடுத்து அவள் காபி டம்ளர் பக்கத்தில் வைத்தார். "இது உன்கிட்டதான் இருக்கணும்."

கணவன் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. காதுமடல் சிவந்திருந்தது. "சரி," என்றான். தாளை மேஜையில் வைத்துவிட்டு, "புது டைம் சொன்ன பேஷன்ட்டுக்கெல்லாம் பழைய டைமையே சொல்லிடு," என்றான்.

"நான் யாருக்கும் சொல்லவே இல்ல."

தெரிந்தால் சொல்லுங்கள் என்று மெக்கானிக் கேட்டது நினைவுக்கு வந்தது. போனில் நடந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ரயிலா?" என்றார். "அப்படிப் போடுங்க! அந்த பிளேட்டைத் தூக்கிப் போடல மேடம், வெச்சிருக்கேன். சார் வந்து பார்க்கட்டும். இவ்வளவு அழகா தேஞ்சதை நான் பார்த்ததே இல்ல. அவசரமில்ல, மெதுவா வரட்டும்."

அவள் மாமனாரிடம் சொன்னாள். அவர் முகத்தைக் கடுமையாகவே வைத்துக்கொண்டார். "அழகாவா?" என்று மட்டும் கேட்டார்.

"மாமா, கிளம்புங்க," என்றாள் அவள்.

"எங்கே? இனிமே நான் ஓட்ட மாட்டேன்."

"கால் வைத்தியம் இன்னும் முடியல."

ஊருக்கு வெளியே, புதிதாகப் போட்ட அகலச் சாலை ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடந்தது. அவர் ஓட்டினார், அவள் பக்கத்தில். கடைசி கியர் விழுந்ததும், "இப்போ காலை எடுத்து இடது பக்கம் வைங்க," என்றாள்.

பாதம் நகர்ந்தது. பாதி வழியில் திரும்பி வந்தது. இரண்டாவது முறையும் வந்தது. அவர் நெற்றி வியர்த்தது.

"நின்னுடும்மா."

"நிக்காது."

"எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியாது."

நோயாளிகளுக்குச் செய்வதுபோல் அவர் இடது முழங்காலின் மேல் கையை வைத்தாள். மெல்ல இழுத்து மேடையில் பாதத்தைப் படியவைத்தாள். கையை எடுக்கவில்லை. கைக்குக் கீழே தசை கல்லாக இறுகியது. மாமனார் தோள் உயர்ந்தது. இரண்டு கையும் ஸ்டீயரிங்கை நெரித்தன. பின்னாலிருந்து மொத்த ரயிலும் இழுக்கும் கணத்துக்காக அவர் உடம்பு காத்திருந்தது.

கார் ஓடிக்கொண்டிருந்தது.

"நிக்கலையே," என்றார் வெகு தூரம் கழித்து. குரலில் அவள் இதுவரை கேட்டிராத வியப்பு. குனிந்து ஒருமுறை தன் காலையே பார்த்துக்கொண்டார். தசை விட்டது. "அப்போ நான் முழிச்சிருக்கேனான்னு யார் பார்க்கறது?"

தூரத்தில் சிக்னல் தெரிந்தது. அவர் வாய் திறப்பதற்குள் அவள் சொன்னாள்.

"மஞ்சள்."

"மஞ்சள்," என்றார் மாமனார். கால் மேடையிலிருந்து எழுந்து, பெடலுக்குப் போனது.